கிரிப்டோ திருட்டு: பூட்டை விட்டுவிட்டு மாற்றுச்சாவியைத் தேடும் திருடர்கள்

புதுதில்லி: கிரிப்டோ நாணயமும் ஒருவருடைய சொத்தே என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் கூறியது. வாஸிர்எக்ஸ் தளத்தில் 3,532.30 எக்ஸ்ஆர்பி நாணயங்களை வைத்திருந்த முதலீட்டாளர் ஒருவர் தொடுத்த வழக்கில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் இந்த முடிவுக்கு வந்தார். அது கையால் தொடக்கூடிய பொருள் அல்ல, சட்டப்பூர்வப் பணமும் அல்ல. எனினும் உடைமையாகக் கொள்ளவும், அனுபவிக்கவும், பிறர் பொறுப்பில் ஒப்படைக்கவும் கூடிய சொத்து என்பது தீர்ப்பின் சாரம்.

சொத்து என்று நீதிமன்றம் ஏற்பது ஒன்று. அது திருடுபோகாமல் இருப்பது வேறொன்று. நிலத்துக்குப் பத்திரப் பதிவு உண்டு. வங்கிப் பணத்துக்குக் கணக்கு உண்டு. வங்கியே முடங்கினாலும் வைப்புத்தொகைக் காப்பீட்டின் கீழ் 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். கிரிப்டோவுக்கு இவற்றில் எதுவும் இல்லை. பிளாக்செயின் பதிவேடு சாவியை மட்டுமே அறியும். அதை யார் கையில் வைத்திருக்கிறார் என்று கேட்காது. உறுதியாகிவிட்ட ஒரு பரிமாற்றத்தை ரத்து செய்யக் கோரி எந்த அலுவலகத்திலும் மனு கொடுக்க இயலாது.

இதனால்தான் வலுவான கடவுச்சொல் வைக்க வேண்டும் என்ற வழக்கமான அறிவுரை இங்கே பாதி தூரம்கூடச் செல்வதில்லை. கடந்த சில ஆண்டுகளின் திருட்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், சாவியின் பின்னால் உள்ள கணிதத்தை எவரும் உடைக்கவில்லை என்பது தெரிகிறது. 'கடவுச்சொல் மறந்துவிட்டதா?' என்ற பொத்தான், தொலைந்த சிம் அட்டைக்கு மாற்று தரும் கடை, கைப்பேசியின் தானியங்கி காப்புப்பிரதி, உதவி மையத்தில் அமர்ந்திருக்கும் ஊழியர் என, உரிமையாளரின் வசதிக்காகத் திறந்து வைக்கப்பட்ட வழிகளிலேயே பெரும்பாலும் திருடர்கள் நுழைந்திருக்கிறார்கள்.

கணக்கு வேறு, சாவி வேறு

கிரிப்டோ வைத்திருப்பவர்கள் இரண்டு வகையினர். ஒரு சாரார் எக்ஸ்சேஞ்ச் எனப்படும் பரிவர்த்தனைத் தளத்தில் கணக்குத் தொடங்கி, வாங்கிய நாணயத்தை அங்கேயே விட்டுவிடுகின்றனர். இவர்களிடம் இருப்பது பயனர் பெயரும் கடவுச்சொல்லும் மட்டுமே. உண்மையான சாவி நிறுவனத்தின் வசம் உள்ளது. மற்றொரு சாரார் தங்கள் சொந்த வாலட்டுக்கு நாணயத்தை மாற்றிக்கொள்கின்றனர். அங்கே சாவி அவர்களுடையது; காவலும் அவர்களுடையதே.

பிரைவேட் கீ எனப்படும் அந்தத் தனிச்சாவி, பிட்காயினைப் பொறுத்தவரை 256 பிட் நீளமுள்ள ஓர் எண். மனிதரால் நினைவில் வைக்கவோ பிழையின்றி எழுதவோ முடியாத அளவு பெரியது. அதற்காகவே மீட்புச் சொற்கள் என்ற ஏற்பாடு வந்தது. 2,048 சொற்கள் கொண்ட பொதுப் பட்டியலிலிருந்து 12 அல்லது 24 சொற்களை வாலட் தேர்ந்தெடுத்து, புதிய கணக்கு தொடங்கும்போது திரையில் காட்டுகிறது. கைப்பேசி உடைந்தாலும், வாலட் கருவி தொலைந்தாலும், அதே சொற்களை அதே வரிசையில் புதிய கருவியில் இட்டால் எல்லாம் திரும்பிவிடும்.

இந்த வசதியின் மறுபக்கம் பலருக்குப் புரிவதில்லை. அந்தச் சொற்களைப் பார்த்த வேறு எவரும், உலகின் எந்த மூலையிலிருந்தும், அதே கணக்கைத் திறக்கலாம். வாலட் செயலிக்கு இட்ட கடவுச்சொல் அவரைத் தடுக்காது, கைரேகையும் தடுக்காது. அந்தப் பூட்டுகள் உரிமையாளரின் கைப்பேசிக்கு மட்டுமே உரியவை. சொற்கள் கசிந்துவிட்டால் கடவுச்சொல்லை மாற்றுவதில் பயனில்லை. புதிய சொற்களுடன் புதிய வாலட் தொடங்கி, திருடர் வருமுன் நாணயங்களை அங்கே நகர்த்துவதே வழி.

குறுஞ்செய்தி என்ற பலவீனமான கண்ணி

எக்ஸ்சேஞ்சில் வைத்திருப்பவருக்கு ஆபத்து வேறு வடிவில் வருகிறது. அமெரிக்காவின் மிகப்பெரிய கிரிப்டோ தளமான காயின்பேஸில் 2021 மார்ச் முதல் மே வரை குறைந்தது 6,000 வாடிக்கையாளர்களின் கணக்குகளிலிருந்து நாணயங்கள் களவாடப்பட்டன. திருடர்களிடம் அவர்களுடைய மின்னஞ்சல் முகவரியும் கடவுச்சொல்லும் தொலைபேசி எண்ணும் ஏற்கெனவே இருந்தன. மின்னஞ்சல் பெட்டியும் அவர்கள் வசம் வந்திருந்தது. இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு அவர்களைத் தடுத்திருக்க வேண்டும். ஆனால் குறுஞ்செய்தி வழியாகக் கணக்கை மீட்கும் நடைமுறையில் இருந்த ஒரு குறையைப் பயன்படுத்தி, அந்தச் சரிபார்ப்புக் குறியீட்டையும் அவர்கள் பெற்றுவிட்டனர். நிறுவனம் குறையைச் சரிசெய்து, இழப்பையும் ஈடுகட்டியது. எல்லா நிறுவனமும் அப்படிச் செய்யும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பே இதே முறையில் ஏமாந்ததும் உண்டு. 2024 ஜனவரி 9 அன்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையத்தின் எக்ஸ் தளக் கணக்கு பறிபோனது. பிட்காயின் நிதியங்களுக்கு அனுமதி அளிக்கப்பட்டதாக அதில் பொய்ச் செய்தி வெளியிடப்பட்டு, விலை சற்று நேரம் ஏறி இறங்கியது. கணக்குடன் இணைந்த தொலைபேசி எண்ணை ஒருவர் வேறொரு சிம் அட்டைக்கு மாற்றிக்கொண்டு, அதன் வழியே கடவுச்சொல்லை மாற்றியதாக ஆணையம் பின்னர் விளக்கியது. உள்நுழைவதில் ஏற்பட்ட சிக்கலால், இரு படிச் சரிபார்ப்பைப் பல மாதங்களுக்கு முன்பே ஆணைய ஊழியர்களே நிறுத்தி வைக்கச் சொல்லியிருந்தனர். பிறகு அதை மீண்டும் இயக்க எவருக்கும் தோன்றவில்லை.

இந்தியாவில் சிம் மாற்று மோசடிக்கு எதிராக இரண்டு தடுப்புகள் உள்ளன. சிம் மாற்றப்பட்ட பின் 24 மணி நேரத்துக்கு அந்த எண்ணில் குறுஞ்செய்தி வரவோ போகவோ கூடாது என்று தொலைத்தொடர்புத் துறை 2022-இல் உத்தரவிட்டது. சிம் மாற்றப்பட்டு ஏழு நாள் ஆகாத எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்ற முடியாது என்ற டிராய் விதி 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. இரண்டும் பயனுள்ளவையே. ஆனால் கைப்பேசியில் திடீரென சிக்னல் மறைந்தால், அது வெறும் கோபுரக் கோளாறு என்று நினைத்து இரண்டு நாள் காத்திருப்பவருக்கு 24 மணி நேரம் என்ன உதவி செய்யும்? அந்த அவகாசம், தம் எண் செயலிழந்ததை உடனே கவனித்து நிறுவனத்தை அழைப்பவருக்கே பயன்படும். தம் பெயரில் எத்தனை இணைப்புகள் உள்ளன என்பதை அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அவ்வப்போது பார்த்துக்கொள்வதும் நல்லது.

இந்தியத் தளங்கள் வாடிக்கையாளரை அடையாளம் காணக் கைப்பேசி எண்ணைக் கேட்கின்றன. அதை முற்றிலும் தவிர்ப்பது எளிதல்ல. ஆனால் எண்ணை அடையாளத்துக்குத் தருவது வேறு, அதையே ஒரே சாவியாக வைப்பது வேறு. குறுஞ்செய்தி ஓடிபிக்குப் பதிலாக ஆதென்டிகேட்டர் செயலி, பாஸ்கீ, அல்லது கணினியில் செருகும் பாதுகாப்புச் சாவி ஆகியவற்றில் தளம் எதை அனுமதிக்கிறதோ அதற்கு மாறிக்கொள்ளலாம். இவற்றுள் பாஸ்கீயும் பாதுகாப்புச் சாவியும் போலி இணையதளத்தில் வேலை செய்யாது என்பது அவற்றின் கூடுதல் பலம். ஓடிபியையும் செயலியின் ஆறு இலக்க எண்ணையும் ஏமாந்துபோய்ப் போலித் தளத்தில் தட்டச்சு செய்துவிட முடியும். பாஸ்கீயை அப்படிக் கொடுக்க முடியாது.

வாசல் மின்னஞ்சலில் இருக்கிறது

பாதுகாப்பைச் சீர்செய்ய முனைவோர் முதலில் எக்ஸ்சேஞ்சின் அமைப்புகளைத் திறக்கின்றனர். தொடங்க வேண்டிய இடம் மின்னஞ்சல். எக்ஸ்சேஞ்சின் கடவுச்சொல்லை மாற்றும் இணைப்பு அங்கேதான் வருகிறது. பணம் எடுப்பதை உறுதிசெய்யும் கடிதமும் அங்கேதான் வருகிறது. அந்த மின்னஞ்சலை ஒரு தொலைபேசி எண்ணைக் கொண்டு மீட்க முடியுமானால், எக்ஸ்சேஞ்சில் போட்ட அத்தனை பூட்டுகளுக்கும் அந்த எண்ணே மாற்றுச்சாவி ஆகிவிடுகிறது.

பத்து ஆண்டுகளுக்கு முன் கல்லூரியில் தொடங்கிய மின்னஞ்சல், அதற்கு மீட்பு முகவரியாக நண்பர் ஒருவரின் பழைய கணக்கு, மீட்பு எண்ணாக இப்போது பயன்பாட்டில் இல்லாத ஒரு சிம் என்ற நிலை அரிதல்ல. பயன்படுத்தாமல் கைவிட்ட எண்ணைத் தொலைத்தொடர்பு நிறுவனம் சில மாதங்களுக்குப் பின் வேறொருவருக்குக் கொடுத்துவிடும். அந்த வேறொருவர் நல்லவராக இருப்பார் என்ற நம்பிக்கையின் மீது சேமிப்பு நிற்கிறது.

கிரிப்டோவுக்கென்று தனி மின்னஞ்சல் ஒன்றை வைத்து, அதை வேறெங்கும் பயன்படுத்தாமல், பாஸ்கீயால் பூட்டி, மீட்பு எண்ணை நீக்கிவிடுவது வல்லுநர்கள் பலர் கூறும் வழி. நீக்கிய எண்ணுக்குப் பதிலாகத் தளம் தரும் காப்புக் குறியீடுகளை அச்சிட்டு வீட்டில் பத்திரப்படுத்த வேண்டும். அச்சிடாமல் எண்ணை மட்டும் நீக்குபவர், திருடனுக்கு முன் தாமே வெளியே நிற்க நேரிடும்.

ஆதென்டிகேட்டர் செயலியிலும் இதே கேள்வி எழுகிறது. கூகுள் நிறுவனம் 2023 ஏப்ரலில் தன் செயலியின் குறியீடுகளைக் கூகுள் கணக்கில் சேமித்துவைக்கும் வசதியைக் கொண்டுவந்தது. கைப்பேசி தொலைந்து குறியீடுகளை இழந்தவர்கள் நீண்ட நாளாகக் கேட்டுவந்த வசதி அது. அதே ஆண்டு ஆகஸ்டில் ரீடூல் என்ற மென்பொருள் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் குறுஞ்செய்தி, தொலைபேசி அழைப்பு வழியே ஏமாற்றப்பட்டார். அவருடைய கூகுள் கணக்கு கைப்பற்றப்பட்டதும் அதில் ஒத்திசைந்திருந்த குறியீடுகள் எல்லாம் சேர்ந்தே போயின. நிறுவனத்தின் 27 வாடிக்கையாளர் கணக்குகளுக்குள் ஊடுருவல் நடந்தது. அனைவரும் கிரிப்டோ துறையினர். இரண்டாம் பூட்டின் சாவியை முதல் பூட்டின் உள்ளேயே வைத்த கதை இது. குறியீடுகளுக்குக் காப்புப்பிரதி வேண்டும்தான். அது மின்னஞ்சல் உள்ள அதே கணக்கில் இருக்கக் கூடாது.

புகைப்படத் தொகுப்பில் ஒரு புதையல்

சொந்த வாலட் வைத்திருப்போரின் பெரும் பிழை, மீட்புச் சொற்களைத் திரைப்பிடிப்பு எடுத்து வைத்துக்கொள்வது. எடுத்த நொடியிலேயே அப்படம் பலருடைய கைப்பேசியிலிருந்து கிளவுட் சேமிப்புக்குத் தானாகச் சென்றுவிடுகிறது. கைப்பேசியிலேயே இருந்தாலும் பாதுகாப்பில்லை. புகைப்படங்களில் உள்ள எழுத்துகளைப் படித்து மீட்புச் சொற்களைத் தேடியெடுக்கும் ஸ்பார்க்கேட் என்ற தீநிரலை காஸ்பர்ஸ்கி நிறுவனம் 2025 பிப்ரவரியில் கண்டறிந்தது. அது கூகுள் பிளே, ஆப்பிள் ஆப் ஸ்டோர் இரண்டிலும் கிடைத்த சாதாரணச் செயலிகளுக்குள் ஒளிந்திருந்தது. அதிகாரப்பூர்வக் கடையிலிருந்து பதிவிறக்கியவர்களே அதில் சிக்கினர்.

எதையும் படமெடுக்காதவர்களும் தப்பிவிட்டதாகக் கொள்ள முடியாது. மெட்டாமாஸ்க் வாலட்டின் தரவு ஆப்பிள் ஐகிளவுட் காப்புப்பிரதியில் தானாகச் சேரக்கூடும் என்று அந்நிறுவனமே 2022 ஏப்ரலில் எச்சரித்தது. அதற்குச் சற்று முன், ஆப்பிள் நிறுவனத்திலிருந்து பேசுவதாகக் கூறியவரிடம் சரிபார்ப்பு எண்ணைச் சொல்லிவிட்ட ஒருவர், தம் ஐகிளவுட் கணக்குடன் வாலட்டையும் இழந்திருந்தார்.

இன்னும் விரிவான பாதிப்பு லாஸ்ட்பாஸ் விவகாரத்தில் வெளிப்பட்டது. கடவுச்சொற்களைச் சேமித்துவைக்கும் அந்தச் சேவையிலிருந்து 2022-இல் வாடிக்கையாளர்களின் பெட்டகங்களின் நகல்கள் களவாடப்பட்டன. பெட்டகங்கள் மறையாக்கம் செய்யப்பட்டிருந்ததால் உடனே எதுவும் நேரவில்லை. ஆனால் திருடர்களுக்கு அவசரமில்லை; பலவீனமான முதன்மைக் கடவுச்சொல் கொண்ட பெட்டகங்களைத் தங்கள் கணினிகளில் நிதானமாகத் திறக்க முயலலாம். பின்வந்த ஆண்டுகளில் நடந்த பல கிரிப்டோ இழப்புகளுக்கும் அந்தக் களவுக்கும் ஆய்வாளர்கள் தொடர்பு கண்டனர். கடவுச்சொல்லைக் காக்க அத்தகைய சேவை ஏற்றதே. மீட்புச் சொற்கள் கடவுச்சொல் அல்ல; மாற்ற முடியாத ஒன்றை இணையத்தில் வைப்பதற்கு நியாயம் இல்லை.

காகிதத்தில் எழுதுவதே பழைய, ஆனால் நல்ல வழி. ஈரமும் கரையானும் நெருப்பும் காகிதத்துக்கு எதிரிகள் என்பதால் உலோகத் தகட்டில் பொறித்து வைப்போரும் உண்டு. இரண்டு பிரதிகளை இரண்டு ஊர்களில் வைத்தால் வெள்ளமோ தீயோ ஒன்றை அழித்தாலும் மற்றொன்று எஞ்சும். 12 சொற்களை ஆறு ஆறாகப் பிரித்து இரண்டு இடங்களில் வைப்பது புத்திசாலித்தனம் போலத் தோன்றினாலும் அப்படியல்ல. எந்த ஒரு பாதி தொலைந்தாலும் முழுவதும் தொலையும். ஒரு பாதி கிடைத்தவருக்கோ மீதியைக் கணினியால் தேடும் வேலை பெருமளவு குறைகிறது. பிரித்து வைக்க விரும்புவோருக்கு, மூன்று பங்குகளில் ஏதேனும் இரண்டு சேர்ந்தால் திறக்கும் வகையிலான ஷமீர் முறையும், மூன்று சாவிகளில் இரண்டு கையொப்பம் கேட்கும் மல்ட்டிசிக் வாலட்டும் இதற்காகவே உள்ளன. சிறு தொகை வைத்திருப்பவருக்கு இவை தேவையற்ற சுமை.

எந்த முறையைத் தேர்ந்தாலும், பெருந்தொகையை மாற்றும் முன் ஓர் ஒத்திகை அவசியம். நூறு, இருநூறு ரூபாய் மதிப்புள்ள நாணயத்தை வாலட்டில் இட்டு, வாலட்டை அழித்து, எழுதி வைத்த சொற்களைக் கொண்டு மீட்டுப் பார்க்க வேண்டும். ஒரு சொல் தவறாக எழுதப்பட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும்.

வாஸிர்எக்ஸில் நடந்தது என்ன

இவ்வளவும் செய்த நிறுவனங்களே ஏமாந்திருக்கின்றன. 2024 ஜூலை 18 அன்று வாஸிர்எக்ஸ் தளத்திலிருந்து 23 கோடி டாலருக்கும் அதிக மதிப்புள்ள நாணயங்கள் திருடப்பட்டன. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 2,000 கோடி ரூபாய். இந்தியாவின் மிகப்பெரிய கிரிப்டோ திருட்டு அது. களவுபோன வாலட்டுக்கு ஆறு சாவிகள் இருந்தன. ஐந்து வாஸிர்எக்ஸ் வசம், ஒன்று லிமினல் என்ற காப்பு நிறுவனத்தின் வசம். பரிமாற்றம் நிகழ வாஸிர்எக்ஸ் தரப்பில் மூவரும், இறுதியாக லிமினலும் கையொப்பமிட வேண்டும். வாஸிர்எக்ஸ் தரப்பினர் ஹார்டுவேர் வாலட்டுகளையே பயன்படுத்தினர்.

சாவி எதுவும் திருடப்பட வேண்டியிருக்கவில்லை. திரையில் தெரிந்த பரிமாற்றத்துக்கும் உண்மையில் கையொப்பமான தரவுக்கும் வேறுபாடு இருந்ததாக வாஸிர்எக்ஸ் கூறியது. வாலட்டின் கட்டுப்பாட்டையே மாற்றிக்கொடுக்கும் ஆணையில் அவர்கள் கையொப்பமிட்டிருந்தனர். தன் அமைப்பில் ஊடுருவல் ஏதுமில்லை என்று லிமினல் மறுத்தது. அமெரிக்கா, ஜப்பான், தென்கொரியா ஆகிய மூன்றும் 2025 ஜனவரியில் வெளியிட்ட கூட்டறிக்கை, இத்திருட்டை வடகொரியாவுடன் இணைத்தது.

ஒரு மாதம் கழித்து, 2025 பிப்ரவரி 21 அன்று, பைபிட் தளத்தில் ஏறக்குறைய 150 கோடி டாலர் இதே பாணியில் பறிபோனது. வாலட் மென்பொருளை உருவாக்கியவர்களில் ஒருவருடைய கணினியைக் கைப்பற்றி, கையொப்பமிடுவோர் பார்க்கும் இணையப் பக்கத்தையே திருடர்கள் மாற்றி அமைத்திருந்தனர். இதன் பின்னணியிலும் வடகொரியா இருப்பதாக எஃப்பிஐ அறிவித்தது. அதே ஆண்டு ஜூலையில் காயின்டிசிஎக்ஸ் நிறுவனத்தின் செயல்பாட்டுக் கணக்கிலிருந்து ஏறக்குறைய 4.4 கோடி டாலர் களவுபோனது. வாடிக்கையாளர் நிதி பாதிக்கப்படவில்லை என்றும் இழப்பைத் தானே ஏற்பதாகவும் நிறுவனம் தெரிவித்தது.

தனிநபர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஹார்டுவேர் வாலட் சாவியைக் காக்கும். உரிமையாளர் எதற்குச் சம்மதிக்கிறார் என்பதை அது தீர்மானிக்காது. கணினித் திரையில் தெரியும் முகவரியை நம்பாமல், வாலட் கருவியின் சிறு திரையில் வரும் முகவரியையும் தொகையையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்ட பிறகே பொத்தானை அழுத்த வேண்டும். கருவி புரியாத எண்வரிசையை மட்டும் காட்டினால் மறுத்துவிடுவது நல்லது. இலவச டோக்கன் தருவதாகக் கூறும் தளங்களில் முன்பு கொடுத்த வரம்பற்ற அனுமதிகளும் இத்தகையவையே. அவற்றை ரத்து செய்யும் வரை வாலட்டிலிருந்து எடுக்கும் உரிமை அந்தத் தளத்திடம் இருந்துகொண்டே இருக்கும்.

தளத்திலா, கையிலா

சாவி கையில் இல்லையேல் நாணயமும் கையில் இல்லை என்பது கிரிப்டோ ஆர்வலர்களின் பழைய முழக்கம். வாஸிர்எக்ஸ் வாடிக்கையாளர்கள் அதன் பொருளை உணர்ந்தனர். சென்னையில் வழக்குத் தொடுத்தவரின் எக்ஸ்ஆர்பி நாணயங்கள் களவுபோகவே இல்லை. திருடப்பட்டவை எத்தீரியம் வகை டோக்கன்கள். ஆயினும் அவருடைய கணக்கும் முடக்கப்பட்டது. சிங்கப்பூர் நீதிமன்றத்தில் மறுசீரமைப்புத் திட்டம் ஒப்புதல் பெற்று, தளம் மீண்டும் இயங்க 2025 அக்டோபர் ஆனது.

ஆனால் முழக்கத்தை அப்படியே எல்லோருக்கும் பொருத்துவது சரியாகாது. கைப்பேசியை ஆண்டுக்கொரு முறை தொலைப்பவரும், காகிதத்தை எங்கே வைத்தோம் என்று தேடுபவரும் சாவியைத் தாமே வைத்திருந்தால், திருடன் வருமுன் தாமே இழந்துவிடக்கூடும். சில ஆயிரம் ரூபாய் அளவில் வைத்திருப்பவருக்கு, நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவுபெற்ற தளமும் இறுக்கமான அமைப்புகளும் போதுமானவை. இழந்தால் குடும்பம் தடுமாறும் அளவு தொகை சேர்ந்துவிட்டால், ஹார்டுவேர் வாலட்டை நேரடியாகத் தயாரிப்பாளரிடமிருந்து வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம். பெட்டிக்குள் ஏற்கெனவே எழுதப்பட்ட மீட்புச் சொற்களுடன் வரும் கருவி எதுவும் மோசடியே.

தளத்தில் வைத்திருப்போர் தேட வேண்டிய முக்கிய அமைப்பு, நாணயம் வெளியேறும் முகவரிகளின் அனுமதிப் பட்டியல். அதை இயக்கினால் முன்பே பதிவுசெய்த முகவரிக்கு மட்டுமே நாணயம் செல்லும். புதிய முகவரி சேர்த்தால் ஒரு நாளோ இரண்டு நாளோ காத்திருக்க வேண்டும். கணக்குக்குள் நுழைந்துவிட்ட திருடனையும் அந்தக் காத்திருப்பு நிறுத்தி வைக்கும். பயன்படுத்தாத ஏபிஐ சாவிகளை நீக்குவதும், பழைய கருவிகளின் உள்நுழைவுகளைத் துண்டிப்பதும் சில நிமிட வேலை.

உதவி மையத்திலிருந்து வரும் அழைப்பு குறித்தும் எச்சரிக்கை தேவை. காயின்பேஸ் நிறுவனத்தின் வெளிநாட்டு உதவி ஊழியர்கள் சிலர் லஞ்சம் பெற்று, 69,000-க்கும் அதிகமான வாடிக்கையாளர்களின் விவரங்களைக் கசியவிட்டது 2025 மே மாதம் அம்பலமானது. பெயர், முகவரி, தொலைபேசி எண் முதலியவை அதில் அடங்கும். திருடர்கள் கேட்ட 2 கோடி டாலரைத் தர நிறுவனம் மறுத்துவிட்டது. அழைப்பவருக்கு ஒருவருடைய பெயரும் கணக்கு விவரமும் தெரிந்திருப்பது, அவர் உண்மையான ஊழியர் என்பதற்குச் சான்றாகாது. உண்மையான உதவி மையம் மீட்புச் சொற்களைக் கேட்காது. பாதுகாப்பான வாலட் என்று கூறி வேறொரு முகவரிக்கு நாணயத்தை அனுப்பச் சொல்லாது. திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொல்லாது.

உரிமையாளர் இல்லாதபோது

திருட்டை மட்டுமே எண்ணிப் பூட்டும்போது எழும் மற்றொரு சிக்கல் ஜெய்ப்பூரில் உலகின் கவனத்துக்கு வந்தது. கனடாவின் குவாட்ரிகா கிரிப்டோ தளத்தின் தலைவர் ஜெரால்ட் காட்டன், இந்தியப் பயணத்தின்போது 2018 டிசம்பரில் அங்கே காலமானார். சாவிகள் அவரிடம் மட்டுமே இருந்ததாகவும், அதனால் வாடிக்கையாளர்களின் நாணயங்களை எடுக்க முடியவில்லை என்றும் நிறுவனம் அறிவித்தது. அந்த வாலட்டுகளில் பெரிதாக எதுவும் எஞ்சியிருக்கவில்லை என்பதும், பணம் அவருடைய மோசடியிலேயே கரைந்தது என்பதும் ஒன்டாரியோ பத்திர ஆணையத்தின் விசாரணையில் தெரிந்தது. கதை பொய்த்தாலும் அது சுட்டிய ஆபத்து உண்மையானது: ஒரே ஒருவர் மட்டும் அறிந்த சாவி அவருடனேயே போய்விடும்.

கிரிப்டோ இருப்பதைக் குடும்பத்தில் எவருக்கும் சொல்லாதவர்கள் பலர். மீட்புச் சொற்களை உயிலில் எழுதுவதும் தவறு. உயிலின் நகல் பலர் கையில் புழங்கும். என்ன இருக்கிறது, எந்தத் தளத்தில், காகிதம் எந்தப் பெட்டகத்தில் என்ற தகவலை உயிலில் அல்லது தனிக் கடிதத்தில் குறிப்பிட்டு, சொற்களைப் பெட்டகத்தில் விடுவது நடுவழி. கூடுதல் கடவுச்சொல் வைத்திருந்தால் அதை வேறொரு நம்பகமானவரிடம் ஒப்படைக்கலாம்.

திருட்டு நடந்துவிட்டால்

பறிபோனது தெரிந்தவுடன் செய்ய வேண்டியது, எஞ்சிய நாணயங்களைப் பாதிக்கப்படாத கருவியில் தொடங்கிய புதிய வாலட்டுக்கு மாற்றுவது. எக்ஸ்சேஞ்ச் கணக்கென்றால் அதை முடக்கச் சொல்ல வேண்டும். அடுத்ததாக 1930 என்ற உதவி எண்ணிலும் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் புகார் அளிக்க வேண்டும். பரிமாற்ற எண், அனுப்பப்பட்ட முகவரி, நேரம் ஆகியவற்றைக் கையில் வைத்திருந்தால் விசாரணை வேகம் பெறும்.

1930 எண் வங்கிப் பணத்துக்குச் செயல்படும் அளவு கிரிப்டோவில் செயல்படும் என்று எதிர்பார்க்க முடியாது. பணம் ஒரு வங்கியிலிருந்து மற்றொரு வங்கிக்குப் போகும்போது நடுவில் நிறுத்திவைக்க இயலும். பிட்காயினை நடுவில் நிறுத்த எவருமில்லை. திருடிய நாணயம் அடையாளம் கேட்கும் ஓர் எக்ஸ்சேஞ்சை அடைந்தால் மட்டுமே காவல்துறையின் கோரிக்கைப்படி அதை முடக்கும் வாய்ப்பு ஏற்படும். டெதர் போன்ற சில டோக்கன்களை வெளியிட்ட நிறுவனமே முடக்க முடியும் என்பது விதிவிலக்கு. இரண்டுக்கும் முதல் சில மணி நேரமே முக்கியம்.

வரிச் சட்டமும் ஆறுதல் தருவதில்லை. கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி 2022 ஏப்ரல் முதல் உள்ளது. இத்துறை இழப்பை மற்ற வருமானத்தில் கழிக்க வழியில்லை.

புகார் அளித்த சில நாள்களில் பாதிக்கப்பட்டவரைத் தேடி இன்னொரு கூட்டம் வருகிறது. சமூக ஊடகத்தில் இழப்பைப் பற்றி அவர் எழுதியதைப் பார்த்து, களவுபோனதை மீட்டுத் தருவதாக வலை நிபுணர் என்ற பெயரில் அணுகுவர். முன்பணம் கேட்பர்; சிலர் சரிபார்ப்பதற்கென்று மீட்புச் சொற்களையே கேட்பர். பிளாக்செயினில் உறுதியான பரிமாற்றத்தைத் திருப்பும் மென்பொருள் எவரிடமும் இல்லை. முதல் திருட்டில் தப்பிய வாலட்டை இரண்டாவது திருட்டில் இழந்தவர்கள் பெரும்பாலும் இந்த அழைப்புக்குப் பதில் சொன்னவர்களே.